இங்கிலாந்தின் கீழ் அடுக்கு ரக்பி: ஒரு சீசன் எப்படி ஓடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவியில் நாடுகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ், இங்கிலாந்துக் கிளப்களின் பிரீமியர்ஷிப் எல்லாம் பார்த்துவிட்டு, "சரி, இதற்குக் கீழே என்ன நடக்கிறது?" என்று கேட்பவர்களுக்கான பக்கம் இது. இங்கே பேசுவது 15 பேர் ஆடும் ஆண்கள் ரக்பி யூனியனைப் பற்றி. அதிலும் பெரும்பாலும் மூன்றாம் அடுக்கிலிருந்து ஏழாம் அடுக்கு வரை. என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த அடுக்குகளில் யார் நன்றாக ஆடுகிறார்கள் என்பதைவிட, குளிர்கால சனிக்கிழமைகளில் யாரிடம் ஆள் இருக்கிறது என்பதுதான் புள்ளிப் பட்டியலை முடிவு செய்கிறது. கீழே பல கேள்விகளுக்கான பதில் அங்கேதான் போய் நிற்கும்.

மொத்தம் எத்தனை அடுக்குகள்?

உச்சியில் பிரீமியர்ஷிப். அதற்கு அடுத்தது நெடுங்காலம் சாம்பியன்ஷிப் என்று இருந்தது. 2025-26 முதல் 14 அணிகளோடு 'சாம்ப் ரக்பி' என்று பெயர் மாறியிருக்கிறது. மூன்றாவது நேஷனல் லீக் 1, இதிலும் 14 அணிகள். இந்த மூன்று அடுக்கு வரைக்கும் நாடு முழுவதற்கும் ஒரே லீக்.

நான்காவது அடுக்கான நேஷனல் லீக் 2-இல்தான் கிளை பிரிகிறது: வடக்கு, கிழக்கு, மேற்கு என்று மூன்று. ஐந்தாவது அடுக்கான ரீஜனல் 1-இல் ஆறு லீக்குகள், ஆறாவதான ரீஜனல் 2-இல் பன்னிரண்டு. ஏழாவதிலிருந்து கவுன்டீஸ் 1, கவுன்டீஸ் 2 என்று இறங்கிக்கொண்டே போகும். எதுவரை இறங்கும் என்பது வட்டாரத்தைப் பொறுத்தது. கிளப்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் கூடுதல் படிகள், மற்ற இடத்தில் குறைவு.

இந்த அமைப்பு 2022-இல் வந்தது. அதற்கு முன் நேஷனல் 1-இல் 16 அணிகள், ஆளுக்கு 30 ஆட்டம். நேஷனல் 2 வடக்கு, தெற்கு என்று இரண்டாக மட்டுமே இருந்தது. பயணத்தையும் ஆட்டங்களையும் குறைக்கத்தான் இந்த மாற்றம். வேலைக்குப் போகிற மனிதர்கள் வருடத்தில் 30 சனிக்கிழமை உடம்பைக் கொடுக்க மாட்டார்கள் என்பது தலைமைச் சங்கமான ஆர்.எஃப்.யூ-வுக்கு ஒருவழியாகப் புரிந்தது.

சீசன் எப்போது தொடங்கி எப்போது முடியும்?

செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பம், ஏப்ரலில் முடிவு. ஒவ்வொரு அணியும் மற்ற எல்லாரோடும் சொந்த மைதானத்தில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று ஆடும். அதனால் 12 அணி லீக்கில் 22 ஆட்டம், 14 அணி லீக்கில் 26.

புள்ளிகள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன?

வெற்றிக்கு 4, டிராவுக்கு 2, தோல்விக்குப் பூஜ்யம். இதோடு இரண்டு போனஸ் உண்டு. நான்கு டிரை (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது) அல்லது அதற்கு மேல் போட்டால், ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரு புள்ளி. 7 அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றால் ஒரு புள்ளி. ஆக நான்கு டிரை போட்டு, ஐந்து வித்தியாசத்தில் தோற்ற அணி இரண்டு புள்ளியோடு வீட்டுக்குப் போகலாம்.

இது சின்ன விஷயம் இல்லை. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 22 ஆட்டத்தில் 16 வெற்றி பெற்ற அணி, போனஸ் 6 மட்டும்: 64-உம் 6-உம் சேர்ந்து 70. இன்னொன்று 14 வெற்றிதான், ஆனால் போனஸ் 18: மொத்தம் 74. இரண்டு ஆட்டம் குறைவாக ஜெயித்தவன் மேலே. தாக்கி ஆடுகிறவனுக்குக் கூலி கிடைக்கட்டும் என்றுதான் இந்த முறை வந்தது என்பதால் எனக்கு இதில் குறை இல்லை. குறைப்படுகிறவர்கள் ஏராளம்.

பத்துப் புள்ளி பின்தங்கியிருக்கிற அணி, கடைசி நிமிடத்தில் ஏன் பெனால்டியைக் கோலுக்கு உதைக்கிறது?

முதல்முறை பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். நிலைமையை எடுத்துக்கொள்ளுங்கள்: 17-27, ஆட்டம் முடியப் போகிறது, எதிரணியின் 22 மீட்டர் கோட்டுக்குப் பக்கத்தில் பெனால்டி. டிரை போட்டால் 5, அதற்குப் பின் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வர்ஷன் போனால் இன்னும் 2. ஆக 24-27, அப்போதும் தோல்விதான். பெனால்டி கோல் அடித்தால் 20-27. வித்தியாசம் சரியாக ஏழு, போனஸ் கையில்.

இரண்டு வழியிலும் கிடைப்பது ஒரே ஒரு தோல்வி போனஸ்தான். ஒன்றுக்கு நேரான ஒரு உதை போதும். இன்னொன்றுக்குப் பந்தைப் பக்கக் கோட்டுக்கு வெளியே உதைத்து, அங்கிருந்து சேற்றில் நிற்கும் வரிசைக்கு லைன்-அவுட் எறிந்து, பிடித்து, பந்து வைத்திருப்பவரைச் சூழ்ந்து மால் கட்டித் தள்ள வேண்டும். ஏற்கெனவே மூன்று டிரை போட்டிருந்தால் மட்டும் கணக்கு மாறும். நான்காவது டிரைக்கும் ஒரு புள்ளி உண்டே, அப்போது இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பார்க்கலாம். கேப்டன் ரெஃப்ரியிடம் "கோலுக்கு" என்று கை காட்டும் முன் சைடுலைனைப் பார்ப்பார். அங்கே யாராவது இரண்டு விரலையோ மூன்று விரலையோ காட்டிக்கொண்டிருப்பார்கள். எத்தனை டிரை ஆகியிருக்கிறது என்று கேப்டனுக்கே சில நேரம் மறந்துபோகும்.

ஜனவரிப் பட்டியலை ஏன் நம்பக்கூடாது?

மூன்று காரணம்.

முதலாவது, எல்லாரும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருக்க மாட்டார்கள். உறைபனி விழுந்தால் தரை கல்லாகிவிடும். மழை தொடர்ந்தால் மைதானம் குளம். காலையிலேயே போய்க் குதிகாலால் அழுத்திப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தள்ளிவைப்பார்கள். எதிரணியின் பஸ் கிளம்பும் முன் சொல்லிவிட வேண்டும் என்பதால் அந்த முடிவை முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். பிரீமியர்ஷிப் மைதானங்களுக்கு இருக்கிற வடிகாலும் செயற்கைப் புல்லும் இங்கே பெரும்பாலும் கிடையாது. அதனால் பட்டியலில் ஒரு அணி 14 ஆட்டத்தோடும் இன்னொன்று 11 ஆட்டத்தோடும் நிற்கும்.

இரண்டாவது, சொந்த மைதானக் கணக்கு. முதல் பாதியில் வலுவான அணிகளை எல்லாம் வீட்டில் சந்தித்துவிட்டு மேலே உட்கார்ந்திருப்பவர், பிப்ரவரியில் அதே அணிகளைத் தேடிப் போக வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம்: செப்டம்பரில் முதல் அணியில் ஆடியவர்களில் எத்தனை பேர் ஜனவரியில் மிச்சம்? தோள்பட்டை விலகியவர், முழங்கால் போனவர், குழந்தை பிறந்தவர், ஷிஃப்ட் மாறியவர் எல்லாரையும் கழியுங்கள். இரண்டாம் அணியும் மூன்றாம் அணியும் ஒழுங்காக நடத்துகிற கிளப் அங்கிருந்து ஆளை மேலே எடுக்கும். நடத்தாத கிளப், வெள்ளிக்கிழமை இரவு பழைய வீரர்களுக்கு போன் போட்டுக்கொண்டிருக்கும்.

முடிவுகளில் 'வாக்ஓவர்' என்று வருகிறதே?

ஆள் சேராமல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். எதிரணிக்கு வெற்றியோடு போனஸும் சேர்த்து 5 புள்ளி. விட்டுக்கொடுத்தவருக்கு எதுவும் கிடையாது. இருப்பதிலும் வெட்டு விழலாம். திரும்பத் திரும்ப இப்படிச் செய்தால் லீக்கை விட்டே போக வேண்டியதுதான். ஒரு அணி நடுவில் விலகினால் அதன் முடிவுகள் எல்லாம் அழிக்கப்படும். அதை அடித்து 5 புள்ளி எடுத்தவர்களுக்கும் அந்தப் புள்ளி போய்விடும். இதில் வரும் சண்டை சச்சரவுக்குத் தனிப் பக்கமே போடலாம்.

எல்லாரும் 'ஃபிரண்ட் ரோ' பற்றியே புலம்புகிறார்களே, ஏன்?

ஸ்க்ரம்மில் முன்வரிசையில் நிற்கும் மூவர்: இரண்டு ப்ராப், நடுவில் ஹூக்கர். எட்டுப் பேர் எட்டுப் பேரோடு தள்ளும்போது முழு அழுத்தமும் இவர்கள் கழுத்திலும் முதுகிலும்தான் இறங்கும். பயிற்சி இல்லாதவரை அங்கே நிறுத்தினால் கழுத்தெலும்புக்கே ஆபத்து. அதனால் விதி கறார்: 15 பேரோடு வந்தால் முன்வரிசைக்குத் தகுதியானவர் மூவர், 16 முதல் 18 வரை என்றால் நால்வர், 19 முதல் 22 வரை என்றால் ஐவர், முழு 23 பேர் என்றால் ஆறு பேர் இருக்க வேண்டும்.

கேட்க எளிது, ஆள் பிடிக்கக் கஷ்டம். மைதான ஓரத்தில், விங்கில் ஓடுவதற்கு இளைஞர்கள் வரிசையில் நிற்பார்கள். ப்ராப்பாக ஆடப் பெரிய உடம்பும், அதைவிடப் பெரிய பொறுமையும் வேண்டும். இரண்டு பேருக்கு அடிபட்டால் 'அன்கன்டெஸ்டட்' ஸ்க்ரம், அதாவது தள்ளாமல் வெறுமனே கட்டிப் பிடித்து நிற்பது. ஸ்க்ரம்மை நம்பி வந்த அணிக்கு அன்றைய தினம் பாழ். கீழ் அடுக்குகளில் நாற்பதைத் தாண்டிய ப்ராப்கள் சாதாரணம். அடுத்த வருஷம் கண்டிப்பாக நிறுத்திவிடுவேன் என்று ஒவ்வொரு மே மாதமும் சொல்வார்கள். செப்டம்பரில் மறுபடி வந்து நிற்பார்கள். வராவிட்டால் கிளப்காரர்கள் வீட்டுக்கே போய் அழைத்து வருவார்கள். ஒரு லீக்கில் யார் மேலே வருவார்கள் என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது அந்த கிளப்பில் எத்தனை ப்ராப் இருக்கிறார்கள் என்பதைத்தான்.

வீரர்களுக்குச் சம்பளம் உண்டா?

நேஷனல் 1, நேஷனல் 2-இல் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பது வழக்கம். அதை நம்பி யாரும் வேலையை விடுவதில்லை. கவுன்டீஸ் பக்கம் வந்துவிட்டால் தலைகீழ்: வீரர்தான் ஆண்டுச் சந்தா கட்டுவார், ஆட்டத்துக்கு ஆட்டம் சில பவுண்டும் கொடுப்பார். செவ்வாய், வியாழன் மாலைகளில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மகனுடைய மினி ரக்பிக்கு உதவி. வீட்டில் இருப்பவர்களின் பொறுமையும் இதில் ஒரு முதலீடுதான்.

மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் எப்படி?

முதலிடம் பிடித்தவர் நேராக மேலே. கடைசியில் நிற்பவர்கள் கீழே. சில அடுக்குகளில் இரண்டாமிடத்துக்கு பிளே-ஆஃப். இந்த விவரங்கள் அடிக்கடி மாறுவதால் அந்தந்த சீசனின் விதியைப் பார்த்துக்கொள்வதே நல்லது.

கூடுதலாக ஒன்று: பக்கவாட்டிலும் நகர்த்துவார்கள். மேலிருந்து இறங்கியவர்களில் நால்வர் தெற்குக்காரர் என்றால், லீக்குகளின் எண்ணிக்கை சரியாக வர வேண்டுமே. அதனால் நடு இங்கிலாந்தில் இருக்கும் ஒரு கிளப்பை இந்த வருஷம் மேற்கிலும் அடுத்த வருஷம் கிழக்கிலும் போடுவார்கள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் எதிரிகள் எல்லாரும் புதுசு, பஸ் செலவு இரட்டிப்பு. கோடையில் லீக் ஒதுக்கீடு வெளியானதும் கிளப் பொருளாளர்கள் முதலில் திறப்பது வரைபடத்தை.

மறக்க முடியாத சீசன் எது?

ஆட்டத்துக்காக என்றால் 2016-17 நேஷனல் 1. குளஸ்டர்ஷையரில் ஒரு கல்லூரியை ஒட்டி வளர்ந்த ஹார்ட்புரி, 30 ஆட்டத்தில் 30-ஐயும் ஜெயித்தது. படிப்பும் பயிற்சியும் ஒரே வளாகத்தில். இளம் வீரர்கள் வற்றாமல் வந்துகொண்டே இருப்பார்கள். ஆள் பலம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

வினோதத்துக்காக என்றால் 2019-20. அந்த பிப்ரவரியில் சியாரா, டென்னிஸ் என்று அடுத்தடுத்த வார இறுதிகளில் இரண்டு புயல். பதிவான பிப்ரவரிகளிலேயே பிரிட்டனில் அதிகம் மழை பெய்த பிப்ரவரி அதுதான். ஆட்டங்கள் கொத்துக் கொத்தாகத் தள்ளிப்போயின. மார்ச், ஏப்ரலில் ஆடிக்கொள்ளலாம் என்று எல்லாரும் இருந்தபோது கொரோனா வந்தது. மார்ச் 20-ஆம் தேதி, பிரீமியர்ஷிப் தவிர மற்ற எல்லா லீக்கும் அத்தோடு முடிந்தது என்று ஆர்.எஃப்.யூ அறிவித்தது.

அடுத்த தலைவலி: ஆளுக்கொரு எண்ணிக்கையில் ஆடியிருக்கிற பட்டியலை எப்படி முடிப்பது? அதுவரை ஆடியதன் சராசரியை வைத்து மிச்சத்தைக் கணக்கிடும் ஒரு சூத்திரம் கொண்டுவந்தார்கள். அதன்படியே ஏற்றமும் இறக்கமும் நடந்தன. நேஷனல் 1-இலிருந்து ரிச்மண்ட் மேலே போனது. இரண்டாம் அடுக்கில் 15-க்கு 15 ஜெயித்திருந்த நியூகாசிலுக்குச் சூத்திரமே தேவைப்படவில்லை. ஆனால் நடுவிலும் அடியிலும் இருந்த கிளப்களுக்கு, மழையில் தள்ளிப்போன ஒரு ஆட்டமே தலையெழுத்தானது. மறுபடி வைத்தால் ஜெயித்திருப்போம் என்ற வாதம் கிளப்ஹவுஸ்களில் இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், சீசனையே ரத்து செய்திருந்தால் அதைவிடப் பெரிய அநியாயமாகியிருக்கும். அடுத்த 2020-21 சீசனில் நேஷனல் 1-இலும் அதற்குக் கீழும் லீக்கே நடக்கவில்லை.

பெரிய கிளப்கள் இவ்வளவு கீழே விழுமா?

விழும். 1861-இல் தொடங்கிய ரிச்மண்ட், 1871-இல் ஆர்.எஃப்.யூ உருவாகக் காரணமாக இருந்த கிளப்களில் ஒன்று. தொழில்முறை ரக்பி வந்ததும் ஒரு பணக்காரரின் முதலீட்டில் உச்ச அடுக்குக்குப் போனது. 1999-இல் பணம் நின்றதும் கவிழ்ந்தது. லண்டன் ஸ்காட்டிஷுக்கும் அதே ஆண்டு அதே கதி. இரண்டையும் லண்டன் ஐரிஷோடு இணைத்ததாகக் கணக்கு முடித்தார்கள். ஆனால் உறுப்பினர்கள் விடவில்லை. லண்டன் வட்டாரத்தின் கீழ் லீக்கிலிருந்து பழைய பெயரிலேயே மறுபடி தொடங்கி, ஸ்காட்டிஷ் 2011-இலும் ரிச்மண்ட் 2016-இலும் இரண்டாம் அடுக்குக்கு வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகும் ரிச்மண்ட் இரண்டு முறை விழுந்து இரண்டு முறை எழுந்திருக்கிறது.

லண்டன் வெல்ஷ் 2014-15 பிரீமியர்ஷிப்பில் 22 ஆட்டத்தையும் தோற்றது. 2017 ஜனவரியில், சீசன் நடுவிலேயே, லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஜெர்சி ரெட்ஸ் கதை இன்னும் கொடுமை: 2022-23-இல் சாம்பியன்ஷிப்பையே ஜெயித்துவிட்டு, அந்த செப்டம்பரிலேயே கடையை மூடியது. மிச்சம் இருந்தவர்கள் 11 அணிகளோடு சீசனை ஓட்டினார்கள்.

எதிர்த்திசையில் போனவர் எக்ஸெட்டர். 1996-97-இல் மூன்றாம் அடுக்கை ஜெயித்தார்கள், 2010-இல் பிரீமியர்ஷிப், 2017-இல் சாம்பியன், 2020-இல் இங்கிலாந்துப் பட்டமும் ஐரோப்பியப் பட்டமும். எல்லா கிளப் தலைவர்களும் இந்த உதாரணத்தையே சொல்வார்கள். பாதிப் பேர் அதைச் சொல்லியே கடன் வாங்கி மூழ்கினார்கள்.

இவ்வளவு பழைய விளையாட்டுக்கு லீக் 1987-இல்தான் வந்ததா?

ஆமாம். அதற்கு முன் கிளப்கள் தங்களுக்குள் பேசி ஆட்டம் வைத்துக்கொள்ளும். லீக் வந்தால் போட்டி முற்றும், போட்டி முற்றினால் காசு வரும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு: ஆட்டத்துக்காக இழந்த சம்பளத்தை ஈடுகட்ட வேண்டும் என்று வடக்கத்தித் தொழிலாளர் ஊர் கிளப்கள் கேட்க, மறுக்கப்பட்டதால் 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்துபோயின. அங்கிருந்து பிறந்ததுதான் 13 பேர் ஆடும் ரக்பி லீக் என்ற தனி விளையாட்டு. யூனியன் தன் அமெச்சூர் விரதத்தை 1995-இல் கைவிட்டது. லீக் தொடங்கி எட்டே ஆண்டில் காசு வந்துவிட்டது. பயந்தவர்கள் சொன்னது பலித்தது.

டாக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் உயரம் மாறியதாகச் சொல்கிறார்களே?

2023 ஜூலையிலிருந்து, நேஷனல் 1-உம் அதற்குக் கீழும் மார்பெலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும். தலையில் அடிபடுவதைக் குறைக்கத்தான் இது. முதலில் இடுப்பு உயரம் என்று அறிவித்து, கிளப்கள் கொதித்தெழுந்ததும் ஆர்.எஃப்.யூ மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. நோக்கம் சரி, அறிவித்த விதம் மகா மோசம்.

ரெஃப்ரி யார்?

வட்டார ரெஃப்ரி சங்கம் ஒருவரை அனுப்பும். கீழ் அடுக்குகளில் கோட்டருகே கொடி பிடிப்பது இரு கிளப்பின் ஆட்களே. அடிபட்டு உட்கார்ந்திருக்கும் வீரரோ, யாருடைய அப்பாவோ கொடியோடு ஓடுவதைப் பார்க்கலாம். பந்து எங்கே வெளியே போனது, கோல் உதை உள்ளே போனதா என்பதோடு அவர் வேலை முடிந்தது. வீடியோ ரீப்ளே எல்லாம் கனவில்தான்.

அக்கம்பக்கத்து ஊர்கள் மோதும் டெர்பி ஆட்டங்கள் உண்டா?

கார்ன்வாலுக்குப் போங்கள். ரெட்ரூத், கேம்போர்ன் இரண்டும் பழைய சுரங்க ஊர்கள், பக்கத்துப் பக்கத்தில். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரண்டும் மோதுவது பழைய வழக்கம். ரெட்ரூத் மைதானத்தின் ஒரு மூலைக்கு 'ஹெல்ஃபயர் கார்னர்' என்றே பெயர். வெளியூர் அணிகளுக்குத் தொல்லை, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை வரை போக வேண்டியிருப்பது. விடியற்காலை பஸ் ஏறி, மதியம் கால் விறைத்துப்போய் இறங்கி, உடனே உள்ளூர் ப்ராப்களோடு மோதுவதை நினைத்துப் பாருங்கள். கார்ன்வால் கிளப்களுக்கும் இதே கஷ்டம்தான், அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

ஆட்டம் முடிந்ததும் என்ன?

இரு அணியும் சுரங்கப்பாதை போல இரு பக்கமும் வரிசையாக நின்று கைதட்டி ஒருவரை ஒருவர் அனுப்புவார்கள். குளித்துவிட்டு கிளப்ஹவுஸில் சாப்பாடு. வந்த அணிக்கு உணவு போடுவது சொந்த ஊர்க்காரர் கடமை. பெரும்பாலும் சிப்ஸோடு சாசேஜோ, 'பை' (pie) என்ற பண்டமோ, சில்லியோ. ஒரு மணி நேரம் முன்பு ஒருவர் காதை ஒருவர் தேய்த்த ப்ராப்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். பார் வருமானம்தான் கிளப்பின் உயிர்நாடி. ஒரு ஆட்டம் ரத்தானால் போவது புள்ளி மட்டுமல்ல, அன்றைய கல்லாவும்தான்.

நேரில் பார்க்க வேண்டும் என்றால் எப்போது போகலாம்?

அங்கே படிக்கவோ வேலைக்கோ போயிருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். நேஷனல் லீக்குகளில் சின்ன டிக்கெட், கவுன்டீஸில் பெரும்பாலும் இலவசம். கம்பிவேலியில் சாய்ந்துகொண்டு ஸ்க்ரம்மின் மூச்சிரைப்பு காதில் விழுகிற தூரத்தில் நிற்கலாம். வேகமான ஓட்டம் பிடிக்குமென்றால் செப்டம்பர் அல்லது ஏப்ரல். காய்ந்த தரை, டிரைகள் மழையாகக் கொட்டும். உண்மையான கீழ் அடுக்கு ரக்பி வேண்டுமென்றால் ஜனவரி கடைசி. டிசம்பர், ஜனவரியில் சீக்கிரம் இருட்டிவிடும். பல மைதானங்களில் ஆட்டத்துக்குப் போதுமான விளக்கு இல்லை, அதனால் வழக்கத்தைவிட முன்னதாகவே தொடங்குவார்கள். கிளப் பக்கத்தில் நேரம் பார்த்துவிட்டு, ஆட்டம் ரத்தாகவில்லை என்பதையும் காலையில் உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். ஷூ நல்லதாக இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.